ஊசிக்குத் தயங்கும் வீடுகளுக்கு

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் சலரோகத்தோடு வாழ்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே குசினியில் சாப்பிடுபவர்களுக்கும்,



கிளினிக் முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். கையில் அந்தப் பழைய கொப்பி. பன்னிரண்டு வருடமாகக் குளிசையில் ஓடிய வருத்தத்துக்கு இன்றைக்கு முதன்முறையாக இன்சுலின் எழுதியிருக்கிறார்கள். "ஊசிக்கு வந்திட்டுதோ?" என்று மனைவி கேட்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அடுத்த நாள் கனடாவிலிருந்து தங்கை தொலைபேசியில் வருகிறார்: "அண்ணா, ஊசி தொடங்கினா பிறகு விடேலாது. கொஞ்சம் கட்டுப்பாடா இருந்து பாருங்கோ." மேல்மாடி வீட்டுக்காரர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்கிறார். மருந்துக் குப்பி பிரிட்ஜின் கதவுத் தட்டில் திறக்கப்படாமலே மூன்று மாதம் கிடக்கிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையின் இரு பக்கத்து ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் இதை அறியாத குடும்பம் குறைவு. ஊசி என்றால் கடைசிக் கட்டம், ஊசி என்றால் வாயைக் கட்டத் தெரியாதவருக்குக் கிடைத்த தண்டனை என்ற எண்ணம் வேரோடிப் போயிருக்கிறது. அந்த மூன்று மாதமும் சதையிக்குள் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு கலம் என்ன பாடு படுகிறது என்பதை உங்களிடம் சொல்வதற்காகவே இம்மடல். அதன் பாட்டை அறிந்தவர் ஊசியை வேறு கண்ணால் பார்ப்பார்.

ஹவ்லொக் வீதியில் இப்போது வானுயர நிற்கும் ஹவ்லொக் சிட்டி மாடிகளின் நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்த ஆலையில் மலையாளிகளும் சிங்களவரும் தமிழரும் வேலை செய்தார்கள். பஞ்சு உள்ளே போகும், நூலாகும், துணியாகும், பார்த்துச் சரி என்றால் மட்டும் வெளியே போகும். உயிரியல் படிக்கும் உங்கள் பிள்ளைகளின் கொப்பியில் "அகமுதலுருச் சிறுவலை" என்று ஒரு படம் வரைந்திருக்கும். கலத்துக்குள் இருக்கும் அப்படியான ஓர் ஆலைதான் அது. சோதனையில் இரண்டு புள்ளிக்கு வரும் விடையாக மனனம் செய்து கடந்துபோகும் அந்தப் படத்துக்குள்தான் உங்கள் வீட்டுச் சலரோகத்தின் ஒரு பெரிய பகுதி நடக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். சரமாக இருக்கும்வரை அது பெரும்பாலும் எதற்கும் உதவாது. சரியான வடிவில் மடிந்த பிறகுதான் அது இன்சுலின், அது ஹீமோகுளோபின், அது கண்வில்லையின் புரதம். எப்படியும் மடியலாம் என்றும் இல்லை. அந்தச் சரம் எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் கணித்துக் காட்டியவர்கள் மதராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவரோடு உழைத்த ராமகிருஷ்ணனும் சசிசேகரனும். இன்றைக்கு உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் அது சரிதானா என்று பார்ப்பதற்கு ராமச்சந்திரன் வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். இது நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டிய பெயர்.

இன்சுலின் சின்னப் புரதம். 51 அமினோ அமிலங்கள்தான். ஆனால் செய்வதற்குச் சிரமமானது. முதலில் முன்-இன்சுலின் என்ற 86 அமினோ அமிலச் சரமாக அது சிறுவலைக்குள் மடிய வேண்டும். அதில் கந்தகம் தாங்கிய ஆறு இடங்கள் உண்டு. இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று முடிச்சுகள் விழ வேண்டும். எது எதோடு சேர வேண்டுமோ அது அதோடுதான் சேர வேண்டும். மாறி விழுந்தால் அது இன்சுலின் ஆகாது, குப்பைதான். சரியாக விழுந்த பிறகே நடுத் துண்டு வெட்டுப்பட்டு இன்சுலின் வெளியேறும். சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சீனி ஏறும்போது சதையியில் இன்சுலின் செய்யும் ஒரே ஒரு பீற்றா கலம் நிமிடத்துக்கு 10 லட்சம் மூலக்கூறுகள் வரை செய்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று முடிச்சு. ஒரு நிமிடத்துக்கு 30 லட்சம் முடிச்சு, ஒரு கலத்தில். இந்த வேகத்தில் ஓடும் ஆலையில் பிழை விழாமல் இருக்காது. நல்ல சுகதேகியின் சதையியிலும் பிழை விழுகிறது. பிழை விழுந்த பிறகு கலம் என்ன செய்கிறது என்பதில்தான் சுகமும் நோயும் பிரிகின்றன.

அதைக் கண்டுபிடித்த கதை ஒரு தவறில் தொடங்குகிறது. இத்தாலியில் ஃபெருச்சியோ ரித்தோசா என்ற ஆய்வாளர் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அடைபெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார். அடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது நிறமூர்த்தங்கள் வழக்கமில்லாத இடங்களில் உப்பியிருந்தன. சூடு பட்ட கலம் ஏதோ புதிய கட்டளை பிறப்பிக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். பெரிய சஞ்சிகை ஒன்று அந்தக் கட்டுரையைத் தள்ளிவிட்டது. 1962இல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. அந்தக் கட்டளையில் பிறப்பவை சூட்டில் குலையும் புரதங்களுக்குக் கைகொடுக்கும் துணைப் புரதங்கள் என்று உலகம் அறிய மேலும் பல வருடம் சென்றது. காய்ச்சலில் கிடக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கலங்களிலும் அதே கட்டளை பிறக்கிறது.

அது கலத்தின் நீர்ப்பகுதியில் அடிக்கும் எச்சரிக்கை மணி. சிறுவலைக்குள் அடிக்கும் மணியை 1993இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் பீற்றர் வால்ற்றருடையது. மற்றது அப்போது டலஸில் வேலை செய்த ஜப்பானியர் கசுதோஷி மோரி பங்கெடுத்தது. இருவருமே பாண் செய்ய உதவும் ஈஸ்றில்தான் தேடினார்கள். சிறுவலையின் சுவரில் குறுக்கே நின்று, உள்ளே பிழையாக மடிந்த புரதம் குவிவதை உணர்ந்து, கருவுக்குச் செய்தி அனுப்பும் ஐஆர்இ1 என்ற புரதம் அகப்பட்டது. 2014இல் இருவருக்கும் லஸ்கர் விருது கிடைத்தது. நம் போன்ற உயிர்களின் கலங்களில் இந்தக் காவலர் மூவர்: ஐஆர்இ1, பேர்க், ஏரிஎஃப்6.

மணி அடித்தால் நடப்பது மூன்று வேலை. பேர்க் முதலில் வாசலைப் பாதி சாத்துகிறது. புதிய சரங்கள் உள்ளே வருவது குறைகிறது. ஏற்கெனவே குவிந்ததை ஒழுங்குபடுத்த அவகாசம் கிடைக்கிறது. மற்ற இரு காவலரும் கூடுதல் துணைப் புரதங்களைச் செய்யக் கட்டளை அனுப்புகிறார்கள், ஆலையே அகலமாகிறது. திருத்த முடியாதவை வெளியே இழுக்கப்பட்டுத் துண்டுதுண்டாக அரைக்கப்படுகின்றன. நெருக்கடி தணிந்ததும் வாசல் திறக்கிறது, வேலை தொடர்கிறது. சாப்பிட்டு எழும் ஒவ்வொரு தடவையும் இது நம் உடலில் நடந்து முடிகிறது. நமக்குத் தெரிவதில்லை.

தணியாவிட்டால்? அதே காவலர்கள் வேறு செய்தி அனுப்புகிறார்கள். சொப் என்ற புரதம் பிறக்கிறது. கலம் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. குப்பை நிறைந்த ஒரு கலம் உயிரோடு கிடந்து சுற்றியிருப்பவற்றையும் கெடுப்பதைவிட அது போவது மேல் என்பது உடலின் கணக்கு. தோலிலோ குடலிலோ என்றால் அந்தக் கணக்கு சரி. அடுத்த நாள் புதிய கலம் வந்துவிடும். வளர்ந்த மனிதரின் பீற்றா கலம் அப்படி இலகுவில் திரும்பப் பிறப்பதில்லை.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஜப்பானின் அக்கிதா நகரத்துப் பெயர் தாங்கிய ஒரு சுண்டெலி சாட்சி. எலிகளுக்கு இன்சுலின் செய்ய இரண்டு பரம்பரையலகுகள்; ஒவ்வொன்றும் சோடியாக, மொத்தம் நான்கு பிரதிகள். அக்கிதா எலியில் நான்கில் ஒன்றில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருப்பதை 1999இல் கண்டார்கள். முடிச்சுப் போட வேண்டிய ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் முடிச்சுப் போடத் தெரியாத இன்னொன்று. மீதி மூன்று பிரதிகளும் நல்ல இன்சுலின்தான் செய்கின்றன. கணக்குப்படி அது தாராளமாகப் போதும். ஆனாலும் எலிக்குச் சலரோகம் வந்தது. முடிச்சு விழாத அந்த ஒரு பங்கு புரதம் சிறுவலையை அடைத்து, மணி ஓயாமல் அடித்து, கலங்கள் செத்துப்போயின. சொப் இல்லாதபடி அந்த எலிகளை வளர்த்தபோது சலரோகம் பிந்தி வந்தது என்று 2002இல் காட்டினார்கள். அதாவது, இன்சுலின் குறைவால் கலம் சாகவில்லை. இன்சுலினைச் செய்ய முயன்றதால் செத்தது. இந்த ஒரு வரியை மட்டும் இம்மடலில் இருந்து நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

2007இல் அதே வகை மாற்றங்கள் மனிதக் குழந்தைகளிலும் கண்டறியப்பட்டன. பிறந்து ஆறு மாதத்துக்குள் சலரோகம் வந்த பிள்ளைகள் அவர்கள். எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் உண்டு. 1972இல் வொல்கொட், ரலிசன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள் மூவரைப் பற்றி எழுதினார்கள்; கைக்குழந்தையிலேயே சலரோகம், எலும்பு வளர்ச்சியில் கோளாறு. 2000ஆம் ஆண்டில் காரணம் தெரிந்தது: வாசலைச் சாத்தும் பேர்க் அந்தப் பிள்ளைகளில் பழுதாக இருந்தது. சாத்தத் தெரியாத வாசலும் கலத்தைக் கொல்கிறது, ஓயாத மணியும் கொல்கிறது.

இந்த இடத்தில் நம்மவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பேர்க் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாகும். ஆகையால் சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில்தான் அது கூடுதலாகத் தெரிகிறது. மிக அரிதான நோய்தான், பயப்படுவதற்கு இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சீனி ஏறினால், அது பிள்ளைகளுக்கு வழக்கமாக வருகிற சலரோகம் என்று நினைத்து ஊசியோடு நிறுத்திவிடாமல் பரம்பரையலகுச் சோதனை கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் சலரோக ஆய்வு அறக்கட்டளை இத்தகைய குழந்தைகளைச் சோதித்து எழுதியிருக்கிறது. சில வகை மாற்றம் உள்ள பிள்ளைகளை ஊசியை நிறுத்திக் குளிசைக்கே மாற்றிவிட முடிகிறது. ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை.

இனி, உங்கள் வீட்டுப் பெரியவர். அவருடைய பரம்பரையலகில் அக்கிதா எழுத்துப் பிழை இல்லை, காவலர் மூவரும் நல்ல நிலையில்தான் இருக்கிறார்கள். அவருக்கு நடப்பது வேறு: இன்சுலின் கேட்டு வரும் கட்டளை கூடிவிட்டது. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்து, உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவி கொடுக்காமல் போகும்போது, அதே சோற்றுக்கு இரண்டு மடங்கு இன்சுலின் வேண்டியிருக்கிறது. பீற்றா கலம் அதையும் செய்து கொடுக்கிறது. வருடக்கணக்காகக் கொடுக்கிறது. அந்தக் காலம் முழுவதும் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ரிப்போர்ட் நல்லது என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே மணி அடிக்கத் தொடங்கியிருக்கும். பின்னர் இரத்தத்தில் சீனியும் கொழுப்பமிலமும் ஏறும்போது அதுவே சிறுவலைக்கு மேலும் சுமை. இறந்தவர்களின் சதையியை ஆராய்ந்த பீற்றர் பட்லர் குழு, உடல் பருத்த சலரோகக்காரரில் பீற்றா கலங்கள் பாதிக்கும் மேல் குறைந்திருப்பதை 2003இல் எழுதியது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1901இல், யூஜின் ஓப்பி சலரோகக்காரரின் சதையிச் சிறுதீவுகளில் கண்ணாடி போன்ற ஒரு படிவைப் பார்த்தார். இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமிலின் என்ற இன்னொரு புரதம் பிழையாக மடிந்து இழையிழையாக உறைந்ததுதான் அது என்று 1987இல்தான் தெரிந்தது.

சலரோகத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். தசை, ஈரல், குடல், மூளை, பரம்பரை எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஊசி தொடங்கும் கட்டம் என்று நாம் சொல்லும் அந்தக் கட்டத்தைத் தீர்மானிப்பது பீற்றா கலங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன, மிஞ்சியவை எவ்வளவு களைத்திருக்கின்றன என்பதுதான்.

தெற்காசியருக்கு இந்தக் கையிருப்பே குறைவோ என்று ஐயப்பட இடம் இருக்கிறது. சென்னையில் நடந்த டி-கிளிப் ஆய்வில் சேர்ந்தவர்களைப் பரிசோதித்தபோது, சலரோகம் வராத, சீனி சற்றே ஏறிய நிலையிலேயே பீற்றா கலத்தின் திறன் குறைந்திருந்தது. மெலிந்த உடம்போடு நாற்பதில் சலரோகம் வருகிற மாமாக்களை நமக்கெல்லாம் தெரியும். இலங்கையில் 2005, 2006 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வின்படி 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்குச் சலரோகம், நகரத்தில் 16.4 வீதம். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள். போர் நடந்த காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை. இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து, தோட்டமும் சைக்கிளும் போய், நாலாம் மாடியில் நாற்காலியில் அமர்ந்த ஒரு தலைமுறையின் உடம்பில் என்ன நடந்தது என்று யாராவது தனியே அளந்திருக்க வேண்டும். வெள்ளவத்தைக்கு அது மிகவும் வேண்டிய கணக்கு.

இப்போது அந்தக் குப்பிக்கு வருவோம்.

பீற்றா கலம் நிமிடத்துக்கு 30 லட்சம் முடிச்சுப் போட்டுக் களைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஊசியில் இன்சுலின் வந்தால் அதன் கட்டளை குறைகிறது. சிறுவலையில் குவிந்ததை அது ஒதுக்கலாம், மணி ஓயலாம். வெறும் ஊகமா என்று கேட்பீர்கள். சீனாவில் ஒன்பது மையங்களில், புதிதாகச் சலரோகம் கண்ட 382 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2008இல் லான்செற் மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. சிலருக்குத் தொடக்கத்திலேயே தீவிரமாக இன்சுலின், மற்றவர்களுக்குக் குளிசை. சீனி வழமைக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே நின்றதும் எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். ஒரு வருடத்தின் பின், மருந்தே இல்லாமல் சீனி வழமையாக இருந்தவர்கள் யார்? குளிசைக் குழுவில் 26.7 வீதம். நாளுக்குப் பல ஊசி போட்டவர்களில் 44.9 வீதம். இன்சுலின் பம்ப் பொருத்தியவர்களில் 51.1 வீதம். சாப்பாட்டுக்குச் சட்டென்று இன்சுலின் சுரக்கும் திறனும் ஊசிக் குழுக்களில்தான் நிலைத்திருந்தது.

"தொடங்கினால் விடேலாது" என்பதை அந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். ஊசி உடம்பைப் பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. பன்னிரண்டு வருடம் கழித்துத் தொடங்குபவருக்கு அதை நிறுத்த முடியாமல் போகலாம். அது ஊசியின் குற்றம் அல்ல, அதற்குள் கலங்கள் தீர்ந்துபோனதன் விளைவு. பிரிட்ஜில் குப்பி காத்திருந்த மூன்று மாதமும் அந்தக் கலங்கள்தான் காத்திருந்தன. இந்தச் சீன ஆய்வு புதிதாக நோய் கண்டவர்களில் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய நோயாளிக்கு ஊசியால் நோய் திரும்பிப் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காக்கலாம், மிஞ்சிய கலங்களின் சுமையைக் குறைக்கலாம்.

சுமையைக் குறைக்க ஊசி மட்டுமே வழி என்றும் இல்லை. பிரித்தானியாவில் 306 பேரோடு நடந்து 2017இல் வெளிவந்த டைரெக்ட் ஆய்வில், மேற்பார்வையோடு உடல் எடையை நன்றாகக் குறைத்தவர்களின் குழுவில் 46 வீதமானோர் ஒரு வருடத்தில் மருந்தில்லாத நிலைக்கு வந்தார்கள். நோய் கண்டு ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சீனி எல்லையில் நின்ற 531 பேரோடு நடத்தி 2006இல் எழுதிய ஆய்வில், நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே சலரோகம் வரும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன. குளிசை கொடுத்த குழுவுக்கும் ஏறக்குறைய அதே பலன். அவர்கள் சாப்பிட்டதும் நம்மைப் போல் சோறுதான்.

மேல்மாடி வீட்டுக்காரர் சொல்வது போன்ற கைமருந்துகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்று சொல்லும் கொடித் தாவரத்தின் தேநீரை இலங்கை மருத்துவர்களே சலரோகக்காரர் 51 பேரில் முறையாகச் சோதித்து 2005இல் எழுதினார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி ஓரளவு இறங்கியது. அது குடலில் மாச்சத்து சீனியாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது, ஆகவே கலத்துக்கு வரும் கட்டளை ஒரேயடியாகக் குவியாமல் பரவி வருகிறது. பலன் சிறியது. மருந்தோடு சேர்த்துத்தான், டொக்டருக்குச் சொல்லித்தான்.

ஆனால் இணையத்தில் "கல அழுத்தத்தைப் போக்கும்" என்று விற்கும் டட்கா போன்ற மாத்திரைகள் வேறு விடயம். அவற்றின் கதையை வெளிநாட்டிலிருந்து பொதி அனுப்பும் பிள்ளைகளும் கேட்க வேண்டும். பித்த அமிலத்திலிருந்து வரும் டட்காவும் பீனைல்பியூட்டிரேற்றும் சிறுவலை நெருக்கடியைத் தணித்து, பருத்த எலிகளின் சீனியைக் குறைக்கின்றன என்று 2006இல் ஹார்வர்ட் குழு காட்டியபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. அதே இரண்டையும் சேர்த்துச் செய்த ஒரு மருந்துக்கு, தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய்க்காக, 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024இல் பெரிய பரிசோதனையில் அது பலன் தரவில்லை. நிறுவனமே சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. எலியில் வென்றது மனிதரில் வெல்லும் என்று இல்லை.

இன்னொரு எச்சரிக்கை அதைவிட ஆழமானது. மூளைக் கலங்களிலும் பிழையாக மடிந்த புரதங்கள் குவிகின்றன. அல்ஸைமரும் பார்க்கின்சனும் அந்த வகை. அதே வகையான பிரியான் நோயால் மூளை அழியும் எலிகளில் பேர்க் சாத்திய வாசல் திறக்காமலே கிடந்து, நரம்புக் கலங்கள் தமக்கு வேண்டிய புரதமும் இன்றிச் சாவதைப் பிரித்தானியாவில் ஜொவானா மலுச்சி குழு கண்டது. 2013இல் அவர்கள் பேர்க்கைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மூளை காப்பாற்றப்பட்டது. ஆனால் எலிகள் மெலிந்தன, இரத்தத்தில் சீனி ஏறியது. மூளையைக் காத்த அதே கை சதையியைக் கெடுத்தது. வொல்கொட், ரலிசன் கண்ட குழந்தைகளின் கதையை அறிந்தவருக்கு இது புதிர் அல்ல. ஒவ்வொரு உறுப்பிலும் இந்தக் காவலருக்கு வேறு வேலை. எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரை என்று விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

கடைசியாக, குப்பிக்குள் இருப்பதும் புரதம்தான். கலத்துக்குள் பிழையாக மடிவது போலவே குப்பிக்குள்ளும் அது குலையும். சூடும் குலுக்கலும் சேர்ந்தால் இன்சுலின் இழையிழையாகத் திரளும். உறைந்தாலும் கெடும். கலத்துக்குள் திருத்தக் காவலர் உண்டு, குப்பிக்குள் இல்லை. அந்த வேலை வீட்டாருடையது.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது எத்தனை வீடுகள் இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பயந்து சிலர் எறிந்தார்கள். பயந்து சிலர் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புதைத்து உறைய வைத்தார்கள். இரண்டும் தேவையில்லாத இழப்பு. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை வரையான குளிரில், பிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியை ஒட்டியோ, கதவு திறக்கத் திறக்கக் குலுங்கும் தட்டிலோ அல்ல. திறந்ததைப் பொதுவாக நான்கு வாரம் வரை அறையின் நிழலான இடத்தில் வைக்கலாம். பெட்டியில் எழுதிய வெப்ப எல்லையைப் பாருங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாம் வெப்பத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, 25 முதல் 37 பாகைக்குள் ஏறி இறங்க நான்கு வாரம் வைத்த இன்சுலின் வேலை செய்யும் திறனை இழக்கவில்லை என்று 2021இல் காட்டின. ஆகவே ஒரு நாள் கரண்ட் போனதற்காக மருந்தை எறிந்துவிட வேண்டியதில்லை. ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் ஒரு கிண்ணத்தில் வைத்த குப்பி கொழும்பு வெப்பத்தைத் தாங்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்தட்டில் அரை மணி நேரம் விட்டதை மட்டும் நம்ப வேண்டாம்.

தெளிந்த நீர் போல இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தால், அல்லது கலங்கலான வகையில் உருட்டிய பிறகும் கட்டியோ சுவரில் ஒட்டிய பூவோ தெரிந்தால், அதைப் போடாதீர்கள். எந்தக் குளிசையையும் இம்மடலைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த கிளினிக்கில் கொப்பியை நீட்டும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மூன்று மாதச் சராசரிச் சீனி எவ்வளவு, ஊசியை இன்னும் தள்ளிப்போட்டால் எனக்கு என்ன நட்டம்? வரிசை நீளமாக இருந்தாலும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை.

வீட்டில் உயர்தரம் படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால் காலையில் அந்தக் குப்பியை அவரிடம் கொடுங்கள். கலங்கலான வகையைக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, புட்டுக்கு மாப்பதம் பார்ப்பது போல் மெதுவாக, இருபது தடவை உருட்ட வேண்டும். உருட்டும்போது அம்மம்மாவுக்கு அந்தச் சிறுவலைப் படத்தையும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாமன்கடையிலிருந்து